முத்து விலை சரிந்தது... கடன் சரியவில்லை! - காயல் முதல் ஏற்காடு வரை ஒரு கணக்குப் பாடம்

ஒரு முத்து மாலையைக் கொடுத்து ஒரு மாளிகையை வாங்க முடியுமா?

1917-ல் வாங்கியிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஃபிப்த் அவென்யூவில் மார்ட்டன் பிளான்ட் என்ற பெரும் பணக்காரருக்கு ஒரு மாளிகை இருந்தது. அவர் மனைவிக்கு, கார்ட்டியே நகைக்கடையில் இருந்த இரட்டைச் சர முத்து மாலை மீது ஆசை. அதன் விலை 10 லட்சம் டாலர். கடை முதலாளி பியர் கார்ட்டியேவுக்கோ அந்த மாளிகை மீது ஆசை. மாலையும் கூடவே 100 டாலரும் அந்தப் பக்கம் போயின. மாளிகை இந்தப் பக்கம் வந்தது. கார்ட்டியேவின் நியூயார்க் கடை இன்றும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது.

அதே மாலை 1957-ல் ஏலத்துக்கு வந்தது. கிடைத்தது ஒன்றரை லட்சம் டாலர் சொச்சம். மாளிகை அளவுக்கு மதிப்பிருந்த பொருள், 40 வருடத்தில் இப்படி இறங்கிவிட்டது.

மாலையை வைத்திருந்தவருக்கு அதனால் பெரிய கஷ்டமில்லை. கஷ்டப்பட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் குதித்து அந்த முத்துகளை எடுத்தவர்கள் அவர்கள். விலை விழுந்தபோது, அவர்கள் பெயரில் எழுதியிருந்த கடன் மட்டும் விழவில்லை.

அரபு நாடுகளின் பழைய முத்துத் துறைமுகங்களும், நம் தாமிரபரணிக் கரையில் இருந்த காயலும், மன்னார் வளைகுடாவும் ஒரே சங்கிலியில் கோத்தவை. அந்தச் சங்கிலியின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், கடலே தெரியாத ஏற்காட்டுக் காபித் தோட்டம் வரை அது வந்து நிற்கிறது. எப்படி?

செத்த குதிரைக்கும் காசு!

நம் ஊர் முத்துக்கு வயது அதிகம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, பாண்டியரின் கொற்கைத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்கிறது. அங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது அந்தக் குறிப்பு. முத்து எத்தனை அழகோ, அதை எடுக்கும் வேலை அத்தனை ஆபத்து. அதனால்தான் அது தண்டனையாக இருந்திருக்கிறது.

தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கொற்கையை விட்டுக் கடல் விலகியது. வியாபாரம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய காயலுக்கு நகர்ந்தது. இன்றைய பழையகாயலும் காயல்பட்டினமும் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் எனப் பல இடங்களிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் காயலுக்கு வருவதாக எழுதினார்.

முத்துக்குளிப்பு நடக்கும் முறையையும் அவர் விவரிக்கிறார். வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து பணம் போடுவார்கள். ஆட்களைக் கூலிக்கு அமர்த்துவார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன்கள் வராதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு! நம் கடற்கரையில் இவர்களுக்கு 'கடல்கட்டி' என்று பெயர். பகலில் போட்ட கட்டை ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்களாம். இல்லாவிட்டால் யாராவது இரவோடு இரவாகத் திருட்டுத்தனமாக முத்து எடுத்துவிடுவார்களே!

இந்த முத்தை விற்ற காசு எங்கே போனது? பெரும்பகுதி குதிரைக்குப் போனது.

வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் அந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர், பாண்டியருக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம். கதீஃப், பஹ்ரைன், ஹோர்முஸ் போன்ற துறைமுகங்களில் இருந்து வருவதையும் சேர்த்தால் ஆண்டுக்கு 10,000 என்கிறார். ஒரு குதிரை 220 தினார். அரபுக் கரையில் முத்து எடுத்த அதே ஊர்கள், நம் முத்துக்கரைக்குக் குதிரை விற்றிருக்கின்றன.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வழியில் கடலில் செத்துப்போகும் குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் முழு விலை கொடுக்க வேண்டும். அந்தப் பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் போனதாக வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியரிடம் அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களைக் கவனித்துக்கொண்டவர். விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் பொறுப்பு தம்பியிடம்!

லாபம் வியாபாரிக்கு, நஷ்டம் கருவூலத்துக்கு. கருவூலம் என்றால் கடைசியில் வரி கட்டும் குடிமக்கள்தானே? இந்தக் கதை முழுவதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது. நஷ்டம் வந்தால் அதை யார் சுமப்பது?

மணலில் முளைக்கும் ஊர்

16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் வந்தார்கள். முத்துக்குளிப்பில் கைதேர்ந்த பரதவர்கள் 1530-களில் கூட்டமாகக் கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள். 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. பிறகு ஆங்கிலேயர். கொடி மாறினாலும் கடலடியில் இருந்த முத்துப் பார்கள் மாறவில்லை. 'பார்' என்றால் சிப்பிகள் ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்திட்டு. முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தைச் 'சலாபம்' என்பார்கள்.

ஆங்கிலேயர் காலத்துச் சலாபம் ஒரு திருவிழா போல நடந்தது. முதலில் அரசாங்க ஆட்கள் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். தேறும் என்றால்தான் அறிவிப்பு வரும். அறிவிப்பு வந்த சில வாரங்களில், ஆள் நடமாட்டமே இல்லாத மணல்வெளியில் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் என ஒரு ஊரே முளைத்துவிடும். சலாபம் முடிந்ததும் ஊரும் காணாமல் போய்விடும்.

இலங்கைப் பக்கம் மன்னாருக்குத் தெற்கே உள்ள மறிச்சுக்கட்டி அப்படி முளைத்த ஊர்களில் பெயர்பெற்றது. 1906-ல் அங்கே வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். தமிழ் முத்துக்குளிப்பவர்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து பாய்மரத்தில் வந்த அரபு முத்துக்குளிப்பவர்களும் அங்கே ஒரே கடலில் குதித்தார்கள்.

அரபுக்காரர் மூக்கில் கொம்பில் செய்த இடுக்கியை மாட்டிக்கொள்வார். நம்மவர் மூக்கை விரலால் பொத்திக்கொள்வார். மற்றபடி வேலை ஒன்றுதான். காலில் கட்டிய கல் கீழே இழுக்கும். 10, 15 மீட்டர் ஆழம். ஒரு நிமிடம் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ள வேண்டும். கயிறைச் சுண்டினால் மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். கயிறு பிடிப்பவர் கண் அசந்தால் உயிர் போய்விடும்.

சாயங்காலம் படகுகள் கரைக்கு வந்ததும் 'கொட்டு' எனும் அடைப்புக்குள் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு முத்துக்குளித்தவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு அன்று இரவே ஏலம் போகும். ஆயிரம் சிப்பி இவ்வளவு ரூபாய் என்று கேட்பார்கள். சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. உள்ளே முத்து இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும், கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்களும், பம்பாய் வியாபாரிகளும் கண்ணை மூடிக்கொண்டு ஆடிய லாட்டரி அது.

வாங்கிய சிப்பியை ஒரு வாரம் அழுக விடுவார்கள். ஊரே நாறும். பிறகு கழுவி, சதையை அரித்து, கடைசியில் மிஞ்சும் முத்தைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். உருண்டு திரண்டு குற்றமில்லாமல் இருந்தால் ஆணிமுத்து. ஒன்றுக்கும் ஆகாத பொடி என்றால் தூள். விலையில் ஒரு விசித்திரம்: இரண்டு மடங்கு எடையுள்ள முத்துக்கு மதிப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பெரிய முத்து அத்தனை அரிது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மூன்றில் ஒரு பங்கு. அது அதிகமா? நிச்சயம் இல்லை. உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒரு பங்கு, கரையில் இருந்த அரசுக்கு இரண்டு பங்கு என்பது நியாயமாகாது. அந்த ஒரு பங்கிலும் படகுக்காரருக்கும் கயிறு பிடிப்பவருக்கும் கொடுக்க வேண்டும். ஆனாலும் அதில் ஒரு நல்லது இருந்தது. அன்றைய பங்கு அன்றைக்கே கைக்கு வந்தது. அதைக் கரையிலேயே விற்றுக் காசாக்கலாம். அடுத்த நாள் விலை விழுந்தால் அது ஏலம் எடுத்தவர் பாடு.

பாரசீக வளைகுடாவில் கணக்கு வேறு மாதிரி இருந்தது.

கடலுக்குப் போகும் முன்பே கடன்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஹ்ரைன், குவைத், துபாய், கத்தார் ஆகிய ஊர்களின் உயிர்நாடியே முத்துதான். ஆங்கிலேய அதிகாரி லோரிமர் தொகுத்த அரசுப் பதிவேட்டின்படி வளைகுடா முழுவதும் 4,500 முத்துப் படகுகள், அவற்றில் 70,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். அரிசி, துணி, படகு கட்டத் தேக்கு என வீட்டுக்கும் தொழிலுக்கும் வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. முத்து பம்பாய்க்கு வந்தது. அங்கே புழங்கிய பணமும் நம் ரூபாய்தான். 1960-கள் வரை வளைகுடாவில் ரூபாய் செல்லுபடியானது.

அங்கே முத்துக்குளிப்புப் பருவம் நான்கு மாதக் கோடை. படகின் தலைவர் 'நகுதா'. விடியற்காலையில் நாலைந்து பேரீச்சம்பழமும் கொஞ்சம் காபியும் குடித்துவிட்டுக் குதிக்க ஆரம்பித்தால், பொழுது சாயும்வரை வேலை. முழுச் சாப்பாடு ராத்திரியில்தான்.

நான்கு மாதம் கடலில் இருந்தால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்கு நகுதா முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்தை நகுதா ஊரில் உள்ள பெருவணிகரிடம் கடனாக வாங்கியிருப்பார். வணிகர் பம்பாயில் யாரிடமாவது வாங்கியிருப்பார். பருவம் முடிந்து, முத்து விற்று, சாப்பாட்டுச் செலவு கழித்து, மிஞ்சியதைப் பங்கு பிரிப்பார்கள். அதிலிருந்து முன்பணத்தைக் கழிப்பார்கள். நல்ல வருடம் என்றால் கையில் ஏதாவது நிற்கும். மோசமான வருடம் என்றால் கடன் அடுத்த வருடத்துக்குத் தாவும்.

கணக்கு எழுதுவது நகுதா. குதிப்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முத்து என்ன விலைக்குப் போனது என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை.

கடன் இருக்கும்வரை வேறு நகுதாவிடம் வேலைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் 'பர்வா' என்ற சீட்டு வேண்டும். அதில் இவருக்கு இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதியிருக்கும். புது நகுதா அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆள் மாறலாம். அப்பா இறந்தால் கடன் மகன் தலையில் ஏறிய குடும்பங்களும் உண்டு. 1920-களில் பஹ்ரைனில் ஆங்கிலேய அதிகாரிகளின் நெருக்குதலில் சீர்திருத்தம் வந்தது. முத்துக்குளிக்கும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பெரிய நகுதாக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு சின்னக் கணக்கு நோட்டுக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு? அந்த ஊரின் அதிகாரம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது.

இந்தச் சீட்டுக் கதையைக் கேட்டால் மலையகத் தமிழர்களுக்குச் சட்டென்று வேறொன்று ஞாபகம் வரும். இலங்கைத் தோட்டங்களில் நம் ஆட்கள் கங்காணி மூலமாக வேலைக்குப் போனபோதும் இதேதான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் பாக்கியைக் குறித்த 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. ஒன்று கடல், இன்னொன்று மலை. ஒரு ஊரில் பர்வா, இன்னொரு ஊரில் துண்டு. ஆளைக் கட்டிப்போட இரும்புச் சங்கிலி தேவைப்படவில்லை. ஒரு காகிதம் போதுமாக இருந்தது.

ஜப்பானிலிருந்து வந்த இடி

விலை எப்படி விழுந்தது?

ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி என்பவர், சிப்பிக்குள் ஒரு சிறு துணுக்கை வைத்து முத்து விளைவிக்கும் தொழிலை வளர்த்தெடுத்தார். 1893-ல் அரை முத்து. பிறகு முழு உருண்டை முத்து. 1920-களில் அது ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது, 'இது அசலா, போலியா' என்று பெரிய சண்டையே நடந்தது. சிப்பிக்குள் சிப்பியே உருவாக்கிய முத்து என்பதால் போலி என்று தள்ளவும் முடியவில்லை. அதன் மேல் 1929-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து விழுந்தது. பாரிஸிலும் நியூயார்க்கிலும் முத்து வாங்க ஆளில்லை.

பாரிஸில் வாங்குபவர் வாங்குவதை நிறுத்திக்கொண்டார், அவருக்கு அவ்வளவுதான். பம்பாய் வியாபாரி பலர் நொடித்துப்போனார்கள். வளைகுடா வணிகர்கள் வீட்டை விற்றார்கள். கீழே கடலில் குதிப்பவருக்கோ, முன்பணம் நல்ல காலத்து விலையை நம்பி வாங்கியது. கையில் வந்த முத்து கெட்ட காலத்து விலைக்குப் போனது. விலை பாதியானால் கடனும் பாதியாகும் என்று எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

1932-ல் பஹ்ரைனில் முத்துக்குளிப்பவர்கள் கலவரத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு, அதே பஹ்ரைனில் பெட்ரோல் கிடைத்தது. 1938-ல் குவைத்தில் கிடைத்தது. முத்துக் கடனிலிருந்து பலருக்கு விடுதலை தந்தது எண்ணெய்க் கம்பெனியின் மாதச் சம்பளம். கத்தாரின் வடமேற்குக் கரையில் உள்ள அல் ஸுபாராவையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த முத்து நகரம், இன்று மணல் மூடிய சுவர்கள். யுனெஸ்கோ அதை 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு பஹ்ரைனின் முஹர்ரக் முத்துப் பாதைக்கும் அந்தப் பெருமை கிடைத்தது.

நம் பக்கம்? மன்னார் வளைகுடாவில் சிப்பி ஒரு வருடம் குவியும். பத்து வருடம் கண்ணில் படாது. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய சலாபம் 1961-ல் நடந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி, தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். ஆனாலும் பழைய சலாபம் திரும்பவில்லை.

ஊர் மட்டும் அழியவில்லை. காரணம், தூத்துக்குடி முத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. உப்பளம் இருந்தது. பஞ்சாலை வந்தது. மீன்பிடி எப்போதும் இருந்தது. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. முத்துக்குளித்த குடும்பங்கள் சங்கு குளிக்கப் போனார்கள். அந்தச் சங்கு வங்காளத்தில் கல்யாணப் பெண்களின் கை வளையலாகிறது.

கடல் தெரியாத மலைக்கு என்ன சம்பந்தம்?

அரபு முத்துக்குளிப்பவர் விடியலில் குடித்த அந்தக் காபிக்கு வருவோம். காபிக்கொட்டையை உலகத்துக்கு விற்ற முதல் பெரிய துறைமுகம் ஏமனின் மோக்கா. அரபுக் கப்பல்கள் சுமந்த அந்தப் பயிர் கர்நாடகத்துக்கு வந்து, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் ஊன்றப்பட்டது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போகும் சுற்றுலாப் பயணிகள் ஜன்னல் வழியே பார்க்கும் காபித் தோட்டங்களுக்கு வயது 200 ஆகிறது.

முத்தும் காபியும் ஒரு விஷயத்தில் கூடப்பிறந்தவை. இரண்டுமே பசிக்குச் சாப்பிடும் பொருள் இல்லை. இரண்டின் விலையும் விளையும் இடத்தில் முடிவாவதில்லை. சேர்வராயன் மலையில் பெரும்பாலும் விளைவது அராபிகா காபி. அதன் விலையை நியூயார்க் சந்தை தீர்மானிக்கிறது. பிரேசிலில் பனி கொட்டினால் ஏற்காட்டில் விலை ஏறும். பிரேசிலில் அமோக விளைச்சல் என்றால் இங்கே இறங்கும்.

நிச்சயமின்மையும் ஒரே மாதிரிதான். அங்கே பாரில் சிப்பி சேர வேண்டும். இங்கே மார்ச், ஏப்ரலில் செடி பூக்க ஒரு மழை நேரத்துக்குப் பெய்ய வேண்டும். பெய்தாலும் தண்டைத் துளைக்கும் வண்டு அராபிகாவை விடாது. 1869-ல் இலங்கைக் காபியில் இலைத்துரு நோய் தோன்றியபோது, இருபதே ஆண்டுகளில் அந்த நாட்டின் காபித் தொழிலே காலியாகித் தேயிலைக்கு மாறியது.

ரொம்ப காலம் இந்தியக் காபி விவசாயி விளைச்சலைக் காபி வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டும். வாரியம் மொத்தமாக விற்றுப் பிரித்துக் கொடுக்கும். பணம் தாமதமாக வந்தாலும், விலை அடியை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். 1990-களில் அந்த முறை போனது. நேரடியாக விற்கலாம்; நல்ல விலையை முழுதாக அனுபவிக்கலாம். விழுந்தால் அடியையும் முழுதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். 2001-ல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு காபி 50 சென்ட்டுக்கும் கீழே போனது. 2025 பிப்ரவரியில் அராபிகா 4 டாலரைத் தாண்டியது. ஒரே செடி, ஒரே மலை, ஒரே உழைப்பு. விலையில் எட்டு மடங்கு வித்தியாசம்!

விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் கவனம் தேவை. வளைகுடாவில் பெரிய முன்பணங்கள் புழங்கியது நல்ல காலத்தில்தான். கையில் காசு புரளும் வருடத்தில், இதே விலை இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்குவது எளிது. திருப்பிக் கட்டுவது அடுத்த வருடத்து விலையில்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். காபிக்கு நிழல் தருவதற்காக நட்ட மரம். அதன் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பார்க்க அழகு; ஆனால், அழகுக்காக ஏற்றியதல்ல. காபி கைவிட்ட வருடத்தில் மிளகு கை கொடுக்கும். தூத்துக்குடிக்கு உப்பும் மீனும் எப்படியோ, அப்படித்தான் இந்த மலைக்கு மிளகு.

தோட்டக்காரருக்கு மிளகு இருக்கிறது. பழம் பறிக்கும் பெண்ணுக்கு? அவருக்கு இருப்பது கூலி. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும், குறைந்தபட்சக் கூலி விதிகளும் சொன்னதன் சாரம் இதுதான்: நியூயார்க்கில் விலை விழுந்ததற்காக, பறித்தவர் கூலியில் கை வைக்கக் கூடாது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைப்பது குற்றம் என்று 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொன்னது. வளைகுடாவில் ஒரு கணக்கு நோட்டுக்குப் போராட வேண்டியிருந்ததை நினைத்தால், இந்த வரிகளின் மதிப்பு புரியும். அவை காகிதத்தில் மட்டும் இருந்தால், நிலைமை மறுபடி பர்வா காலத்துக்குப் போய்விடும் என்பதும் புரியும்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு மூன்று கேள்விகள்

முத்து நமக்குத் தூரமாக இருக்கலாம். முன்பணமும் கடனும் எந்த வீட்டுக்கும் தூரமில்லை. நகைக்கடன், வண்டிக் கடன், விளைச்சலை நம்பி வாங்கும் கடன், கம்பெனி கொடுக்கும் அட்வான்ஸ்... எதில் கையெழுத்துப் போடும் முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. நான் விற்கும் பொருளுக்கோ உழைப்புக்கோ விலை வைப்பது யார்? நானா, எங்கோ இருக்கும் ஒருவரா?

2. விலை விழுந்தால் நஷ்டம் யார் கணக்கில் ஏறும்? செத்த குதிரைக்குக் காசு கொடுத்தது யார் என்பதை மறக்க வேண்டாம்.

3. கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது? அதன் நகல் என்னிடம் இருக்கிறதா? அதை என்னால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா?

மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பஹ்ரைனில் அந்தச் சின்ன நோட்டு கைக்கு வந்த பிறகுதான், தனக்கு எவ்வளவு கடன் என்பதையே பலரும் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். இன்று அந்த நோட்டு நம் செல்போனிலேயே இருக்கிறது. ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.